உக்ரைன் தானியமும் போலந்து உழவர்களும்: தரவு தேட உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் போர்க்காலத் தானிய ஏற்றுமதி பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படையெடுப்பால் உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் முடங்கியதும், ஐரோப்பிய ஒன்றியம் ஜூனில் சுங்க வரியை நீக்கித் தரைவழி ஏற்றுமதிக்குக் கைகொடுத்தது. ஆனால் உக்ரைனின் இருப்புப்பாதை 1,520 மி.மீ. அகலம், போலந்தினுடையது 1,435 மி.மீ. என்பதால், எல்லையில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றவோ சக்கரங்களையே மாற்றவோ வேண்டியிருந்தது. கடல் கடந்து போகவேண்டிய தானியத்தில் ஒரு பகுதி அண்டை நாடுகளின் சந்தையிலேயே தங்கிவிட, விலை சரிந்ததென்று உழவர்கள் சாலையை மறித்தார்கள். 2023 ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகியவை தாமாகவே இறக்குமதிக்குத் தடை விதித்தன. 2024 பிப்ரவரியில் போலந்து-உக்ரைன் எல்லையிலுள்ள மெடிகாவில் சரக்கு வண்டியைத் திறந்து தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள். அதைச் செய்தவர்களும் உழவர்களே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

என் ஐயம் இதுதான்: உணவுப்பொருள்களின் உலக விலை 2022 மார்ச்சில் உச்சம் தொட்டுப் பின் இறங்கியது. அப்படியானால் போலந்து உழவரின் நட்டத்தில் அந்த இறக்கத்தின் பங்கு எவ்வளவு, உக்ரைன் வரத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எல்லை மாவட்டங்களின் கொள்முதல் விலை வாரவாரியாக எங்கே கிடைக்கும் என்பதை, போலந்து மொழி வாசிக்கத் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.