திருத்தந்தை பெனடிக்ட் பதவி விலகியதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

தெற்குக்கரை கேட்டது:

2013 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள் அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் விலகப்போவதாக அறிவித்தார். வருஷங்கள் ஓடிவிட்டன, அவரும் 2022 கடைசியில் இறந்துபோனார், பிரான்சிசும் போய் இப்போது பதினான்காம் லியோ இருக்கிறார். ஆனாலும் இந்தப் பேச்சு வந்தால் அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை. இவருக்கு முன் திருத்தந்தையாக இருந்த இரண்டாம் ஜான் பால் 2005 ஈஸ்டர் அன்று ஜன்னலில் வந்து நின்று, பேச முயன்றும் குரல் வராமல் கையால் மட்டும் ஆசீர் கொடுத்தாரே, அவர் கடைசி மூச்சு வரை இருந்தாரே, இவர் ஏன் இருக்கக்கூடாது என்பார். எனக்கு அம்மா சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, பெனடிக்டைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தந்தை என்று கூப்பிடுகிறோம், தந்தையாக இருப்பதிலிருந்து ஒருவர் விலக முடியுமா? அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது, இப்போது என்ன நினைக்கிறீர்கள்?

மறைக்கல்வி_வாத்தியார்:

முதலில் சட்டம். திருச்சபைச் சட்டம் 332-இன் இரண்டாம் பிரிவு திருத்தந்தை விலகலாம் என்று நேராகவே சொல்கிறது. சுயவிருப்பத்தோடு செய்திருக்க வேண்டும், முறையாக வெளிப்படுத்தியிருக்க வேண்டும், யாரும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் "செய்யலாமா" என்பதில் சந்தேகமே கிடையாது.

எல்லோரும் திடுக்கிட்டதற்குக் காரணம் பழக்கம்தான். அதற்கு முன் விலகியவர் 1415-இல் பன்னிரண்டாம் கிரகோரி, அதுவும் மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் நானே திருத்தந்தை என்று நின்ற குழப்பத்தை முடிக்க. தானாக மனசு வைத்து விலகியவர் என்று பார்த்தால் 1294-இல் ஐந்தாம் செலஸ்டின். குகையில் தவம் இருந்த துறவியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், சில மாதங்களிலேயே முடியாது என்று இறங்கிவிட்டார். அடுத்து வந்த எட்டாம் போனிபாஸ் அவரை ஒரு கோட்டையில் அடைத்து வைத்தார், அங்கேயே 1296-இல் இறந்தார். அப்புறம் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டமும் கொடுத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2009-இல் இத்தாலியின் லாக்விலா நகரில் நிலநடுக்கம் வந்தபோது பெனடிக்ட் அங்கே போய் அந்தச் செலஸ்டினின் கல்லறை மேல் தன் பாலியத்தை, அதாவது தோளில் அணியும் கம்பளிப் பட்டையை, வைத்துவிட்டு வந்தார். 2010-இல் வந்த பேட்டிப் புத்தகத்திலும், உடலாலும் மனதாலும் முடியாத நிலையில் விலகுவது திருத்தந்தையின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்று சொல்லிவிட்டார். நாம்தான் காதில் வாங்கவில்லை.

கோட்டாறு_மகள்:

சட்டம் சரிதான் வாத்தியாரே, ஆனால் அவங்க அம்மா கேட்பது சட்டக் கேள்வி இல்லையே. கிராக்கோவ் கர்தினால் ஜீவிஷ், ஜான் பாலின் செயலராகவே வாழ்ந்தவர், அவரும் அன்று ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்: ஜான் பால் சிலுவையிலிருந்து இறங்கவில்லை என்று. அந்த வலி பெரிய இடத்திலும் இருந்தது. அதற்குப் பதில் போல பெனடிக்ட் பிப்ரவரி 27-ஆம் தேதி கடைசிப் பொதுச் சந்திப்பில், சிலுவையை நான் விட்டுவிடவில்லை, சிலுவையில் இருக்கும் ஆண்டவரோடு வேறு விதமாக இருக்கப்போகிறேன் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஜான் பால் நோயில் கிடந்த வருஷங்களில் கர்தினால் ராட்சிங்கராக (பெனடிக்டின் பழைய பெயர் அதுதான்) பக்கத்திலேயே இருந்தவர் இவர். தலைவர் தளர்ந்தால் நிர்வாகம் யார் யார் கைக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்தவர். தானே ஓய்வு கேட்டு, ஜான் பால் விடாததால் தங்கியவர். அந்தத் துன்பத்தின் சாட்சியத்தை மதித்துக்கொண்டே, 85 வயதில் தன்னால் அதே வழியில் போக முடியாது என்று முடிவெடுத்திருக்கிறார். எனக்கு இது கோழைத்தனமாகப் படவே இல்லை, பதவியைத் தன் சொத்தாக நினைக்காதவர்தான் இப்படிச் செய்ய முடியும்.

பாடகற்குழு_பழையவர்:

எனக்கு அதிர்ச்சி அறிவிப்பில் இல்லை, மார்ச் மாதத் திருப்பலிகளில்தான். நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் வரும் இடத்தில் பெயர் இல்லை. திருத்தந்தை இறந்தாலும் பெயர் விடுபடும், ஆனால் அப்போது அடக்கப் பூசை இருக்கும், ஒன்பது நாள் துக்கம் இருக்கும், அழுது தீர்த்துவிடலாம். இதில் யாரும் சாகவில்லை, அதனால் நம் துக்கத்துக்கு ஒரு சடங்கே இல்லாமல் போனது. உங்க அம்மாவுக்கு இன்னும் ஆறாமல் இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மார்ச் 13 இரவு புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரான்சிஸ் மாடத்துக்கு வந்ததும் முதலில் பெனடிக்டுக்காக ஜெபிக்கச் சொன்னார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

வைகறை:

விலகியதில் எனக்குக் குறை இல்லை, அதற்குப் பிந்தைய ஏற்பாட்டில் உண்டு. வெள்ளை அங்கியும், ஓய்வுபெற்ற திருத்தந்தை என்ற பட்டமும், வத்திக்கானுக்குள்ளேயே வீடும் வைத்திருந்திருக்க வேண்டாம். அவர் அமைதியாகத்தான் இருந்தார், கீழ்ப்படிவேன் என்று கர்தினால்களிடம் சொல்லிவிட்டே போனார். ஆனால் பிரான்சிசைப் பிடிக்காதவர்கள் அந்த வெள்ளை அங்கியைக் காட்டி இவர்தான் உண்மையான திருத்தந்தை, விலகல் செல்லாது என்று பல வருஷம் கிளப்பிக்கொண்டே இருந்தார்கள், எளிய விசுவாசிகள் குழம்பினார்கள். பிரான்சிஸ், தான் விலக நேர்ந்தால் ரோமின் ஓய்வுபெற்ற ஆயர் என்று மட்டும் இருப்பேன், வத்திக்கானில் தங்கமாட்டேன் என்று 2022-இல் சொன்னார். அதுதான் தெளிவு.

தெற்குக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பாடகற்குழு ஐயா சொன்னதை அம்மாவிடம் வாசித்துக் காட்டப்போகிறேன். வைகறை, அப்படியானால் விலகிய திருத்தந்தை எங்கே இருக்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்று எதுவும் எழுதியே வைக்கவில்லையா?

மறைக்கல்வி_வாத்தியார்:

சட்டத்தொகுப்பில் அப்படி ஒன்றும் இல்லை, அந்த 332-உடன் நிற்கிறது. பெனடிக்டின் உடையும் பட்டமும் அவர் காலத்தில் அவரே ஒப்புக்கொண்டு அறிவிக்கப்பட்டவை, அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. லியோ திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். விலகும் எண்ணம் யாருக்கும் இல்லாத இந்த நேரத்தில் அவர் இதை எழுதி வைத்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள்.