லாவோஸில் கொத்துக்குண்டு இன்னும் வெடிப்பது ஏன்?

கேள்வி: வியட்நாம் போர் முடிந்து 50 ஆண்டாகிறது. லாவோஸில் இன்றும் வயல் கொத்துபவர்களும் பிள்ளைகளும் சாகிறார்கள். அத்தனை பழைய குண்டு எப்படி வெடிக்கிறது? மொத்தமாக அகற்ற முடியாதா?

மறுமொழி 1: 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டு என்பது நடுவானில் திறந்து பல சிறுகுண்டுகளைச் சிதறவிடும் பெரிய குண்டு. அப்படி விழுந்த சிறுகுண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்கவில்லை என்பது பரவலான மதிப்பீடு. உள்ளூரில் 'பொம்பி' என்பார்கள். அதிகம் கிடைக்கும் பி.எல்.யு.-26 வகை டென்னிஸ் பந்து அளவுதான், உறை முழுக்க எஃகு உருண்டைகள். விழும்போது சுழன்றால்தான் அதன் ஃபியூஸ் (வெடிப்பைத் தூண்டும் பாகம்) தயாராகும். சுழற்சி போதாமல் போனாலோ, சேற்றில் மெத்தென்று விழுந்தாலோ அப்படியே கிடந்துவிடும். உறை துருப்பிடிக்கும், உள்ளே வெடிமருந்து கெடாது. ஃபியூஸ் எந்த நிலையில் நின்றது என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. அதனால் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது.

மறுமொழி 2: அகற்றலாம், ஆனால் மெதுவாக. முதலில் ஊராரிடம் விசாரிப்பு. பிறகு நிலத்தைக் கயிறு கட்டிப் பட்டைகளாகப் பிரித்து உலோகம் காட்டும் கருவியால் தேடுவார்கள். பழைய சிதறல் துண்டுக்கும் கருவி கத்தும், ஒவ்வொரு சத்தத்தையும் கையால் தோண்டிப் பார்த்தாக வேண்டும். கிடைத்த குண்டைப் பெரும்பாலும் அங்கேயே வெடிவைத்து அழிப்பார்கள். கேள்வியில் விடுபட்டது ஒன்று: அடுப்பு. மண்ணுக்கடியில் குண்டு இருப்பது தெரியாமல் மேலே தீ மூட்டினால் சூட்டிலேயே வெடிக்கும்.

கேள்வி கேட்டவர்: இதற்குத் தடை இல்லையா?

மறுமொழி 1: கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கை 2010 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ளது. லாவோஸ் உறுப்பு நாடு. அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன், இந்தியா சேரவில்லை. 2023-ல் அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக்குண்டுகளையே கொடுத்தது. ரஷ்யா அதற்கு முன்பிருந்தே அங்கு வீசிவந்தது. லித்துவேனியா 2025 மார்ச்சில் விலகியே விட்டது, இது மிக மோசமான முன்னுதாரணம்.