மூட்டத்தில் கிட் லென்ஸ் படம் சாம்பலாக வருகிறது, ஃபோகஸும் பிடிக்கவில்லை: லென்ஸை மாற்றணுமா?

கோத்தகிரி ஜெர்கின் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பெரிய கேமராவுக்கு மாறியபோது அவருடைய பழைய சோனி ஏ6000-ஐ வாங்கிக்கொண்டேன். கூடவே வந்த 16-50 மி.மீ. பவர் ஜூம் (மோட்டாரில் ஓடும் ஜூம்) கிட் லென்ஸ்தான் என்னிடம் இருக்கும் ஒரே லென்ஸ். ஜெர்கின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காலையில் டீத்தோட்டம் வழியாக பஸ் ஸ்டாப் வரை நடப்பேன், வழியில் கண்ணில் பட்டதை எடுப்பேன். வெயில் நாளில் படங்கள் நன்றாகவே வருகின்றன. மூட்டம் இறங்கினால்தான் தகராறு.

கண்ணுக்கு வெள்ளை வெளேர் என்று தெரியும் மூட்டம், படத்தில் அழுக்குத் துணி மாதிரி சாம்பலாக விழுகிறது. சில்வர் ஓக் மரங்களை எடுக்கப் போனால் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிவிட்டு எதிலும் நிற்காமல் போகிறது. அப்புறம், வீட்டுக்கு வந்து கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடுகிறது.

கோவையில் ஒரு கடையில் காட்டினேன். "கிட் லென்ஸ்னா இப்படித்தான் சார், 2.8 போடுங்க" என்று, அதிக வெளிச்சம் உள்ளே விடும் எஃப்/2.8 லென்ஸுக்கு ஒரு விலை சொன்னார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு கேமராவே வாங்கலாம். உண்மையிலேயே லென்ஸ்தான் காரணமா? இதுவரை ஆட்டோ மோடில், ஜேபெக்கில் (கேமராவே முடித்துத் தரும் படக் கோப்பு) தான் எடுக்கிறேன்.

குன்னூர் பல்சக்கரம் பதில்:

லென்ஸ் மேல் பழி போடாதீர்கள் ஜெர்கின். சாம்பல் நிறத்துக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. கேமராவின் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் பகுதி, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃப்ரேம் முழுக்க வெள்ளை மூட்டம் இருந்தால் "வெளிச்சம் ரொம்ப அதிகம்" என்று நினைத்து இறக்கிவிடும். இரண்டு லட்சம் ரூபாய் லென்ஸ் போட்டாலும் அதே மீட்டர் அதே வேலையைத்தான் செய்யும்.

மோட் டயலை ஆட்டோவிலிருந்து 'பி' (புரோகிராம்) அல்லது 'ஏ'-க்கு (லென்ஸ் திறப்பை நாமே வைப்பது) மாற்றுங்கள். பின்பக்கச் சக்கரத்தின் கீழ்ப்பகுதியை அழுத்தினால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் அளவு) வரும். மெல்லிய மூட்டத்துக்கு +0.7, அடர்ந்து கிடந்தால் +1. ஹிஸ்டோகிராமை (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) திரையில் போட்டுக்கொண்டு, மேடு வலது பக்கம் நகர்ந்து விளிம்பில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குப் போகுமுன் மறக்காமல் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மத்தியான வெயிலில் எல்லாம் வெளுத்துவிடும்.

படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் 'கிளவுடி'யில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் நம்ம ஊர் மூட்டம் பல சமயம் நீலம் பூசிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் நீர்ப்பனி, உறைபனி விழும்போதும் இதே கதைதான். வெண்மையாய்க் கிடக்கும் புல்லை எடுக்கும்போது கொஞ்சம் ஏற்றியே எடுங்கள்.

வட்டக்கானல் வாசி பதில்:

ஃபோகஸ் விஷயத்துக்கு நான் வருகிறேன். ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். மூட்டத்தில் அது கிடைக்காததால்தான் தேடி அலைகிறது. ஃபோகஸ் ஏரியாவை 'ஃப்ளெக்சிபிள் ஸ்பாட்' (நாமே நகர்த்தும் சின்னக் கட்டம்) ஆக்கி, அந்தக் கட்டத்தை ஓக் மரத்தின் நடுத்தண்டில் வைக்காமல், தண்டின் கருப்பும் மூட்டத்தின் வெள்ளையும் சந்திக்கும் ஓரத்தில் வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே பிடித்துவிடும். ஏஎஃப் இல்யுமினேட்டர் என்று ஒரு ஆரஞ்சு விளக்கு முன்னால் எரியும், அதை மெனுவில் அணைத்துவிடுங்கள். மூட்டத்தில் அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பும், ஒரு பிரயோசனமும் இல்லை. ஃபிளாஷும் அப்படித்தான், படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகளாக விழும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மேனுவல் ஃபோகஸுக்கு மாறி, தெளிவாக இருக்கும் விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த லென்ஸை 16-இல் வைத்து, திறப்பைக் குறுக்கி எஃப்/8 கொடுத்தால் சில அடி தூரம் தொடங்கி மலை வரைக்கும் தெளிவு கிடைக்கும். சின்ன லென்ஸில் இது ஒரு சௌகரியம்.

எங்கள் கொடைக்கானலில் பள்ளத்தாக்கு ஓரமாகப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்றால் சில நாள் ஒரு வேடிக்கை நடக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால், எதிரே பள்ளத்தாக்கில் மூட்டம் இருக்கும்போது, நம் நிழலே பெரிதாக மூட்டத்தின் மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். புரோக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். நிழலில் ஃபோகஸ் வைக்கப் போனால் கேமரா திண்டாடிவிடும். மூட்டத்தின் இடைவெளியில் தெரியும் தூரத்து மலை விளிம்பில் முதலில் ஃபோகஸ் பிடித்து, அப்படியே மேனுவலில் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். ஒரு விஷயம், பவர் ஜூம் லென்ஸ் என்பதால் கேமராவை அணைத்துப் போட்டால் ஜூம் மறுபடி 16-க்கே போய்விடும், பிடித்து வைத்த ஃபோகஸும் போய்விடும். காத்திருக்கும் நேரத்தில் கேமரா தானாக அணையாமல் இருக்க பவர் சேவ் நேரத்தைக் கூட்டி வையுங்கள். இந்தக் காட்சிக்கு 16 போன்ற அகலக் கோணம்தான் தோது. பக்கத்தில் பெரிய டெலி லென்ஸோடு நிற்பவருக்கு வளையத்தில் ஒரு துண்டுதான் கிடைக்கும்.

பழனிமலை பறவை பதில்:

எல்லோரும் கிட் லென்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள், சரி. அதன் குறையையும் சொல்லிவிடலாமே? 16-இல் இதன் ஓரங்கள் மென்மையாகத்தான் இருக்கும், கோடுகளும் வளையும். ஜேபெக்கில் கேமராவே சரிசெய்துவிடுவதால் தெரிவதில்லை. ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா கை வைக்காத படமாக, எடுத்துச் சரிசெய்யாமல் பார்த்தால் கட்டடச் சுவர் தொந்தி தள்ளி நிற்கும். 50-இல் எஃப்/5.6-தான் அதிகபட்சத் திறப்பு, சோலைக்குள் போனால் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) ஏறிப் படத்தில் புள்ளி தட்டும். நீலகிரி ஈப்பிடிப்பான் மாதிரிச் சின்னப் பறவையை இதில் எடுக்க ஆசைப்பட்டால் ஃப்ரேமில் ஒரு புள்ளிதான் வரும்.

குன்னூர் பல்சக்கரம் பதில்:

பறவை அண்ணா, பறவைக்கு இது ஆகாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜெர்கின் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற ஆள். கேமரா பேட்டரியோடு 344 கிராம், லென்ஸ் 116 கிராம், மொத்தம் அரைக் கிலோ கூட இல்லை. நான் மலை ரயிலில் இதே மாதிரி கிட் லென்ஸோடுதான் போவேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி இன்ஜின். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்து மெதுவாக ஏறும், ஷட்டர் 1/250 நொடி இருந்தாலே போதும். ஜன்னல் ஓரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது பெரிய லென்ஸைத் திருப்பக்கூட இடம் கிடையாது. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது குரங்குகள் வேறு வரும். அங்கே கேமராவைச் சட்டென்று பைக்குள் போடத் தெரிந்தவன்தான் பிழைப்பான்.

ஊட்டி மாடிவீடு பதில்:

லென்ஸில் ஆவி படிவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி, அது பழுது இல்லை. வெளியே குளிர்ந்துபோன கண்ணாடி, அடுப்பு எரியும் வீட்டின் ஈரக் காற்றில் பட்டதும் வியர்க்கிறது. வீட்டு வாசலுக்கு வருமுன்பே கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடு. உள்ளே வந்து அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடு. பைக்குள்ளேயே மெல்ல சூடேறிவிடும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் இதே வேலை நடக்கும், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேமராவை எடுத்தால் கண்ணாடி மங்கிவிடும். சால்வை முனையால் துடைக்காதே. முதலில் புளோயரால் ஊது, பிறகு மைக்ரோஃபைபர் துணி.

ஆவி தானாகப் போய்விடும், காளான்தான் போகாது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை நம் பக்கம் ஏதோ ஒரு பருவமழை ஈரத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். அதுவும் உங்கள் கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை ஜாஸ்தி. கேமராவைத் தோல் உறையில் வைத்து பீரோவுக்குள் பூட்டிவைத்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல வெள்ளை நூல் ஓடும். மூடி இறுக்கமாக இருக்கும் சமையலறை டப்பா ஒன்று வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு அதில் வை. சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டால் நல்லது. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் கவலையில்லை. முக்கியமாக, தினமும் எடு. பயன்படுத்துகிற லென்ஸில் காளான் அவ்வளவு சீக்கிரம் வராது.

கோத்தகிரி ஜெர்கின் பதில்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை நல்ல மூட்டம். 'ஏ' மோட், +1, கிளவுடி. மூட்டம் வெள்ளையாகவே வந்தது, அதற்குள் கொழுந்து பறிக்கிற அக்காக்களின் பிளாஸ்டிக் விரிப்பு நீலமாகத் தெரிகிறது. தண்டின் ஓரத்தில் ஃபோகஸ் வைத்ததும் உடனே பிடித்தது. கோவைக் கடைக்கு இனி போகப்போவதில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். டீக் கொழுந்து மேல் இருக்கும் பனித்துளியை இந்த லென்ஸில் எடுக்க முடியுமா, மேக்ரோ லென்ஸ்தான் வேண்டுமா? தோட்டத்தில் காட்டுமாடு நின்றால் எப்படி எடுப்பது?

வட்டக்கானல் வாசி பதில்:

முழு மேக்ரோ (சின்னப் பொருளை மிகப் பெரிதாக்கி எடுப்பது) கிடைக்காது. ஆனால் 50-இல் வைத்து ஒரு அடி தூரம் வரைக்கும் நெருங்கலாம். இரண்டு இலை, நடுவில் மொட்டு, அதன் நுனியில் துளி என்று ஃப்ரேமில் தாராளமாக நிரப்பலாம். வெயில் எதிரே இருக்கட்டும், இலைக்குப் பின்னால் நிழலான சரிவு வருமாறு குனிந்துகொள்ளுங்கள். துளி மின்னும், பின்னணி கருப்பாகிவிடும். எஃப்/5.6-லேயே போதுமான அளவு மங்கல் வரும்.

பழனிமலை பறவை பதில்:

காட்டுமாட்டுக்கு மட்டும் கிட் லென்ஸ் வேண்டவே வேண்டாம் தம்பி. ஃப்ரேமில் பெரிதாக வரவேண்டும் என்று கால் தானாக முன்னே நகரும், அங்கேதான் ஆபத்து. அது தலையைத் தூக்கிப் பார்த்தாலே நீங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். தூரத்தில் நின்று, மூட்டமும் தோட்டமும் மாடும் சேர்ந்த அகலமான காட்சியாக எடுத்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். உங்கள் பக்கம் கரடியும் உண்டு, அதிகாலையில் தனியாக நடக்கும்போது வ்யூஃபைண்டரிலேயே கண்ணை வைத்திருக்காதீர்கள்.

கோத்தகிரி ஜெர்கின் பதில்:

சரிங்க அண்ணா, மாடு இருந்தால் சுற்றுவழிதான். ஊட்டி அக்கா, சிலிகா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆகிவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதானா?

ஊட்டி மாடிவீடு பதில்:

வேண்டாம், ஈரம் குடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். பழைய தட்டில் பரப்பி ஓவனில் 110, 120 டிகிரியில் வைத்தால் மறுபடி நீலமாகிவிடும். ஆனால் நீல ஜெல்லில் கோபால்ட் சேர்ந்திருக்கும், சமைக்கிற பாத்திரத்தில் போடாதே. அடுத்த முறை கோபால்ட் இல்லாத ஆரஞ்சு நிற ஜெல்லைக் கேட்டு வாங்கு.