மருந்து அரைக்கும் இரும்புப் படகு: துரு பிடிக்காமலிருக்க வழி சொல்லுங்கள்

வார்ப்பிரும்பில் செய்த வியட்நாமிய மருந்து அரைக்கும் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. எதை அரைத்தாலும் பொடி கறுக்கிறது. சுக்குகூடச் சாம்பல் நிறமாகி, இரும்பு வாடை அடிக்கிறது.

ஹோ சி மின் நகரின் ஃபிட்டோ பாரம்பரிய மருத்துவ அருங்காட்சியகத்தில்தான் இதை முதலில் பார்த்தேன். படகு போன்ற நீண்ட தொட்டி, நடுவே ஒரு சக்கரம். உட்கார்ந்தபடி அச்சின் இரு முனைகளிலும் பாதங்களை வைத்து முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். அந்த அரைபடும் ஓசையிலேயே மனதைப் பறிகொடுத்துவிட்டேன்.

அதே வகையில் பழையது ஒன்றை, அந்நகரின் சீனர் பகுதியான சோலோனில் மூலிகைக் கடைகள் நிறைந்த ஹாய் துவோங் லான் ஓங் தெருவில் சென்ற மாதம் வாங்கினேன். தெருவின் பெயரே 18ஆம் நூற்றாண்டு மருத்துவர் லே ஹூ த்ராக்கின் புனைபெயர்தான்.

எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்தேன். தவிட்டை அரைத்துக் கொட்டினேன். நல்லெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்தேன். இங்கே மழைக்காலம், இரவு துடைத்து வைத்தால் காலையில் தொட்டியின் அடிப்பள்ளத்தில் செந்துரு படிந்திருக்கிறது. சக்கரத்தின் விளிம்பில் அவ்வளவு இல்லை.

தோசைக்கல்லைப் போல அடுப்பில் ஏற்ற முடியாத இவ்வளவு நீளமான வார்ப்பிரும்பை, மருந்துப் பொடி கறுக்காதபடி பழக்குவது எப்படி?