தனிமையில் பிறந்த விசுவாசத்தை நம்பலாமா? அதைப் பிறரிடம் பேசலாமா?

கேள்வி:
நோய் எதிர்ப்புத் திறன் குறைந்திருப்பதால், மருத்துவரின் அறிவுரைப்படி பல மாதங்களாக ஒரே அறையில் தனித்திருக்கிறேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். பொழுது போகாமல்தான் மாற்கு சுவிசேஷத்தைக் கையில் எடுத்தேன். ஒருவரும் அண்டக் கூடாதென்று விலக்கப்பட்ட குஷ்டரோகியை, ஒரு சொல்லாலேயே குணமாக்கியிருக்கக் கூடிய இயேசு, முதலில் கைநீட்டித் தொட்டார் என்று முதல் அதிகாரத்தில் வாசித்தபோது, அதற்குமேல் பக்கத்தைத் திருப்ப இயலவில்லை. அன்றுமுதல் ஜெபிக்கிறேன். ஆனால் இது விசுவாசமா, அல்லது பேச ஆளில்லாத ஏக்கமா என்று தெரியவில்லை. என்னைப் போலவே தனித்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்ல விரும்புகிறேன். அவருடைய பலவீனமான நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதாக ஆகிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன்.

பதில் 1:
ஏக்கத்திலிருந்து தொடங்கியது என்பதற்காக ஒரு விசுவாசம் பொய்யாகிவிடாது. சங்கீதம் 42-ஐப் பாடியவர், மக்கள் கூட்டத்தோடு தேவாலயத்துக்குச் சென்ற நாட்களை நினைத்துக் கண்ணீர் விடுகிறார். அந்த ஏக்கமே அவருடைய ஜெபமாகிறது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியான எலியாவையும் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பியவருக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது போதனை அன்று, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். ஆண்டவரை வணங்குவோரில் தான் ஒருவன் மட்டுமே மீந்திருப்பதாக ஓரேப் மலையில் அவர் முறையிட்டபோது, பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் மடக்காத 7,000 பேர் இருப்பதாக ஆண்டவர் சொல்லி, அவருக்குப் பின் தீர்க்கதரிசியாக வரவிருந்த எலிசாவிடம் அனுப்பிவைத்தார். ஆகவே உங்கள் ஏக்கத்தைச் சந்தேகிப்பதைவிட, அது உங்களை எங்கே கொண்டுபோகிறது என்று கவனியுங்கள். உங்களைக் குறித்த எண்ணத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறதா, நண்பரைக் குறித்த அக்கறையாக மாறுகிறதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதே என்று தோன்றுகிறது.

பதில் 2:
பகிர்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்போஸ்தலனாகிய பவுல் காவலில் இருந்தபோது அவர் மூலம் விசுவாசத்துக்குள் வந்தவன், பிலேமோன் என்பவரின் அடிமையான ஒநேசிமு; அவனுக்காக அவர் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் (கடிதம்) 25 வசனங்களே கொண்டது. அதில் பவுல் கட்டளையிடும் உரிமை இருந்தும் கெஞ்சிக் கேட்கிறார். ஒநேசிமுவைப் பிலேமோன் மனமுவந்து ஏற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிறார். நண்பரிடம் பேசும்போதும் இந்த மரியாதை வேண்டும். தினமும் காலையில் வசனப் படங்களை அனுப்பிவைப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். (எனக்கு வருபவற்றைத் திறந்து பார்த்தே நெடுநாள் ஆகிறது.) தொலைபேசியில் அழைத்து அவர் எப்படியிருக்கிறார் என்று கேளுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். உங்களைப் பற்றி அவர் விசாரிக்கும்போது, எங்களிடம் எழுதிய அந்தக் குஷ்டரோகியின் பகுதியை அப்படியே சொல்லுங்கள். விசாரித்துக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லவே 1 பேதுரு 3:15 கற்பிக்கிறது. அவருக்கு விருப்பமிருந்தால், இருவரும் ஒரே அதிகாரத்தைத் தனித்தனியே வாசித்துவிட்டுப் பேசலாம். மாற்குவில் 16 அதிகாரங்கள்தான்.

பதில் 3:
மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் ஒன்று விடுபட்டிருக்கிறது. ஞானஸ்நானத்தையும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தையும் ஒருவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ள முடியாது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் ஆராதனைகள் திரைக்கு மாறியபோது, பல சபைகளில் திருவிருந்தைக் குறித்து எழுந்த விவாதத்துக்கும் இதுவே காரணம். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று யாக்கோபு 5:14 சொல்வதால், ஒரு போதகருக்குத் தகவல் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை அவர் வாசலில் நின்றோ தொலைபேசியிலோ ஜெபிக்கலாம். 1943-இல் சிறையிலடைக்கப்பட்ட ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்காகச் சக கைதிகளுக்கு ஜெபங்களை எழுதிக் கொடுத்தார். தம் உள்ளத்தின் இருளையும் தனிமையையும் அவற்றில் அவர் மறைக்கவில்லை. ஆகவே உங்கள் சந்தேகங்கள் தீர்ந்த பிறகே நண்பரிடம் பேச வேண்டுமென்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அவருக்கு விருப்பமில்லையென்றால் என்ன செய்வது?

பதில் 2 எழுதியவர்:
அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்த வாரமும் வழக்கம்போல் அழைத்து, அவருக்குப் பிடித்ததைப் பேசுங்கள். நீங்கள் எதற்காக அழைத்தீர்கள் என்பது அந்த இரண்டாவது அழைப்பில்தான் அவருக்குத் தெரியும்.