ஒரே நிகழ்வுக்கு இரண்டு மின்னஞ்சல்கள் செல்வதை எப்படித் தடுப்பது?

கேள்வி:
வணக்கம். பயனர் பதிவு செய்தவுடன் வரவேற்பு மின்னஞ்சலும், கூடையில் பொருளை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வாங்காமல் இருந்தால் நினைவூட்டலும் தானாகச் செல்லும்படி ட்ரிகர்களை (ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக இயங்கும் ஏற்பாடுகளை) அமைத்திருக்கிறேன். பதிவுக்குத் தரவுத்தள ட்ரிகரையும், கூடைக்கு வெப்ஹுக்கையும் (ஒரு சேவை தன்னிடம் நடந்த நிகழ்வை நம் சர்வருக்குத் தானாகத் தெரிவிக்கும் முறை) பயன்படுத்துகிறேன். சிலருக்கு ஒரே நினைவூட்டல் இரண்டு முறை செல்கிறது. பணம் செலுத்தி முடித்தவர்களுக்கும் சென்றுவிடுகிறது. பயனர்களை வீணாகத் தொந்தரவு செய்கிறோமே என்று வருத்தமாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில் 1:
வெப்ஹுக் சேவைகள் பெரும்பாலும் ஒரு நிகழ்வைக் குறைந்தது ஒரு முறை சேர்ப்பதாகவே உறுதி தருகின்றன. ஒரே ஒரு முறைதான் என்று அல்ல. உங்கள் சர்வர் பதில் தரத் தாமதித்தால் அதே நிகழ்வு மீண்டும் வரும். ஸ்ட்ரைப் போன்ற பணம் செலுத்தும் சேவை 3 நாட்கள் வரைகூட முயன்றுகொண்டிருக்கும். ஆகவே வெப்ஹுக் வந்ததும், அது உண்மையில் அந்தச் சேவையிலிருந்துதான் வந்ததா என்று கையொப்பத்தைச் சரிபார்த்து, நிகழ்வை வரிசையில் சேர்த்துவிட்டு, உடனே 200 (பெற்றுக்கொண்டோம் என்பதற்கான குறியீடு) என்று பதில் அனுப்புங்கள். மின்னஞ்சல் வேலையைப் பின்னணியில் செய்யுங்கள். நிகழ்வின் அடையாள எண்ணைத் தனித்தன்மைக் கட்டுப்பாடு உள்ள (ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்காத) ஓர் அட்டவணையில் பதிந்துவந்தால் இரண்டாம் முறை வருவது அங்கேயே நின்றுவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த அடையாள எண்ணை எப்போது பதிகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பதிந்தபின் மின்னஞ்சல் செல்லுமுன் நிரல் நின்றுபோனால் அது செல்லாமலே போகும். அனுப்பியபின் பதிவதாக வைத்தால் இரட்டிப்பு திரும்பவும் வரும். 'காத்திருக்கிறது', 'அனுப்பப்பட்டது' என்ற நிலைகளை வைத்து, மின்னஞ்சல் சேவை ஏற்குமானால் அதே அடையாள எண்ணை அதற்கும் கொடுத்துவிடுவதே என் வழக்கம்.

தரவுத்தள ட்ரிகருக்குள்ளிருந்து நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பரிவர்த்தனை (முழுவதும் நிறைவேறும் அல்லது முழுவதும் ரத்தாகும் தரவுத்தள மாற்றங்களின் தொகுப்பு) பின்வாங்கப்பட்டால் பயனரின் பதிவு மறையும். சென்ற மின்னஞ்சல் திரும்பாது. அனுப்ப வேண்டியதை அதே பரிவர்த்தனையில் ஓர் அட்டவணையில் எழுதி, வேறொரு நிரல் அதைப் படித்து அனுப்பட்டும்.

பதில் 3:
பணம் செலுத்தியவருக்கும் நினைவூட்டல் செல்வது வேறு சிக்கல். டைமர் தொடங்கியபோது இருந்த நிலையை நம்பி அனுப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. அனுப்பும் கணத்தில் கூடையின் நிலையை மீண்டும் படித்துப் பாருங்கள். வரிசைக்கு அமேசானின் எஸ்கியூஎஸ் என்ற சேவையைப் பயன்படுத்தினால், அதில் ஒரு செய்திக்கான தாமதத்தை 15 நிமிடங்களுக்கு மேல் வைக்க முடியாது என்பதால், ஒரு மணி நேரக் காத்திருப்புக்குத் தனித் திட்டமிடுநிரல் தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நிலையை மீண்டும் படிக்கும் வரியே என் நிரலில் இல்லை; அதை முதலில் சேர்க்கிறேன். பதிவு ட்ரிகரை அட்டவணைக்கு மாற்றும் வேலையை அதன்பின் தொடங்குகிறேன்.