15 அடியில் கொசு உள்ளானா?

சேற்றுக்கால்:
நேற்று ஒருவர் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையின் படம் போட்டு, "600 மி.மீ. லென்ஸ், 15 அடி தூரம், ஓரங்களை வெட்டாத முழுப்படம், பறவை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை" என்று எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு கண்ணால் கேமராவையே பார்க்கிறது. அலகு நுனியில் சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது. மேய்கிற உள்ளானின் அலகு ஈரமாக அல்லவா இருக்கும்? இரை பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பயந்து நிற்கிறது. இதற்குப் பெயர் கண்டுகொள்ளாததா?

ஓதநீர்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் சார். நீர் ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டேன். நீர் ஏற ஏற மேயும் இடம் சுருங்கும், பறவைகள் தானாகவே கரைப்பக்கம் ஒதுங்கும். நான் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. 15 அடிக்கு அதுவாகத்தான் வந்தது.

சேற்றுக்கால்:
15 அடிக்கு வந்ததா? உங்களிடம் இருப்பது 1999-இல் வந்த கேனான் 600 எஃப்4 லென்ஸ் என்று நீங்களே பல தடவை பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது 5.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. அதாவது 18 அடி. 15 அடியில் நிற்கும் உள்ளான் அதில் வெறும் மங்கலாகத்தான் தெரியும்.

ஓதநீர்:
டேப் வைத்தா அளக்க முடியும்? கண் மதிப்புதான். 15 இல்லையென்றால் 18.

சேற்றுக்கால்:
அப்படியென்றால் 18 என்று எழுத வேண்டியதுதானே?

கல்திருப்பி:
லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற வளையம் போட்டால் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுமே.

சேற்றுக்கால்:
போட்டதாக அவர் சொன்னாரா? போன வருடம் வளைமூக்கு உள்ளானை வேறு பெயரில் போட்டு, நான் திருத்தியதிலிருந்து நீங்கள் எனக்கு எதிராகவே பேசுகிறீர்கள் தம்பி.

கல்திருப்பி:
அதை இன்னும் விடவில்லையா நீங்கள்? அன்றைக்கு நீங்கள் திருத்திய விதம் அப்படி.

நெடுங்காலன்:
அளவுச் சண்டையை விடுங்கள். 2022-இல் ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. வலசைக்கு முன் உடம்பில் ஏற்றிய கொழுப்புதான் அதற்கு எரிபொருள். அந்த மாதிரிப் பறவைகளை ஒரு படத்துக்காக எழுப்பிவிட்டால், தின்று சேர்த்ததை அநியாயமாக எரிக்கும். இந்த உள்ளான் பயந்து பறந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

ஓதநீர்:
பறக்கவில்லை. நான் கிளம்பும்போதும் தவழ்ந்தே பின்வாங்கினேன். முழங்கையெல்லாம் கிளிஞ்சல் கீறல்.

சேற்றுக்கால்:
கீறலைப் பற்றி யார் கேட்டார்கள்? கணக்குக்கு வருவோம். கொசு உள்ளான் சுமார் 13 செ.மீ. 15 அடியில் 600 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால், 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் அது 20 மி.மீ. வரை வரும். அதாவது பாதிப் படத்துக்கு மேல். உங்கள் படத்தில் கால்வாசிதான் இருக்கிறது. அப்படியானால் அது நின்றது ஏறத்தாழ 30 அடியில்.

நெடுங்காலன்:
30 அடி என்றால் நல்லதுதானே சார்? அவர் தள்ளியே இருந்திருக்கிறார். முதலில் தொந்தரவு செய்தார் என்றீர்கள், இப்போது கிட்டவே போகவில்லை என்கிறீர்கள்.

சேற்றுக்கால்:
நல்லது வேறு, 15 அடி வேறு. நாளைக்குப் புதிதாகக் கேமரா வாங்குகிறவர் இந்த 15-ஐ நம்பிக் கூட்டத்துக்குள் போவார். மொத்தக் கூட்டமும் எழும்பும். அதற்கு யார் பொறுப்பு?

ஓதநீர்:
சார், 30 அடி என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே படுத்திருந்தது நான்.

கல்திருப்பி:
எனக்கு வேறு சந்தேகம். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. இந்தப் படத்தில் முழங்காலுக்கு மேல் மஞ்சளாகத் தெரிகிறதே. மஞ்சள் கால் உள்ள டெம்மிங்க் உள்ளானாக இருக்குமோ?

ஓதநீர்:
அது சேற்றில் பட்டுத் தெறித்த வெளிச்சம்.

சேற்றுக்கால்:
காலைப் பிறகு பார்க்கலாம். கண்டிப்பாகக் கறுப்புதான், அதில் சந்தேகமில்லை. 15 அடிக்குப் பதில் சொல்லட்டும்.

கல்திருப்பி:
கறுப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நிழல் படாத இடது காலைப் பாருங்கள் சார்.